காளான் மேகப் படத்தை எடுத்துவிடுங்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளேடுகள், தொலைக்காட்சிகளின் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கதிரியக்கப் பொருள் எங்காவது காணாமல்போனால் 'பேரழிவு ஆயுதம்' என்று தலைப்புப் போட்டு, பக்கத்திலேயே அணுகுண்டின் காளான் மேகத்தையும் வைக்கிறீர்கள். இந்த வழக்கத்தைக் கைவிடுமாறு கதிர்வீச்சுப் பாதுகாப்புத் துறையில் இருக்கும் நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

'பேரழிவு ஆயுதம்' என்ற சொல்லுக்கு ஒரே பொருள் கிடையாது. 1948இல் ஐ.நா. குழு வகுத்த வரையறையில் கதிரியக்கப் பொருள் ஆயுதமும் உண்டு. இந்தியாவின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் உயிரியல், வேதியியல், அணு ஆயுதங்களை மட்டுமே சொல்கிறது. அமெரிக்காவிலோ சாதாரண வெடிகுண்டும் அடக்கம். 2013இல் பாஸ்டன் மாரத்தானில் வெடித்த குக்கர் குண்டுகளுக்குப் பேரழிவு ஆயுதப் பிரிவிலும் வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டப்படி என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

அணுகுண்டில் அணுக்கரு பிளக்கிறது. காணாமல்போன கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்யக்கூடிய 'டர்ட்டி பாம்' என்பதில் அது நடப்பதே இல்லை. சாதாரண வெடிமருந்து கதிரியக்கத் தூளைச் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். அங்கே உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வெடிப்பு. அதன்பின் ஊரை முடக்குவது துப்புரவு வேலையும் பீதியும்.

அந்தப் பீதியை பிரேசிலின் கோயானியா 1987இல் கண்டது. குண்டே வெடிக்கவில்லை. கைவிடப்பட்ட கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில் இருந்த சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் 4 பேர். கதிரியக்க மாசு இருந்தவர்கள் 249 பேர். பரிசோதிக்கப்பட்டவர்கள் சுமார் 1,12,000 பேர். இறந்தவர்களில் ஒருத்தியான சிறுமியின் அடக்கத்தின்போது கூட்டம் கல்லெறிந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு வெளியூர் ஓட்டல்களில் அறை கிடைக்கவில்லை.

கதிர்வீச்சு தொற்றுநோய் அல்ல என்று எழுதுங்கள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவரிடமிருந்து கதிர் வருவதில்லை. தூள் ஒட்டியவரைத்தான் கழுவ வேண்டும். உடைகளைத் தலைவழியே உருவாமல் கத்தரித்து எடுத்து, பாலித்தீன் பையில் கட்டி, ஆள் புழங்காத இடத்தில் வைத்தால் பெரும்பகுதித் தூள் அதோடு போய்விடும். பிறகு சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். தோலை அழுத்தித் தேய்த்துப் புண்ணாக்கினால் தூள் உள்ளே இறங்கும். முடிக்குக் கண்டிஷனர் கூடாது, அது தூளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தூளை விழுங்கியவர், சுவாசித்தவர் மருத்துவரிடம் போகட்டும்.

2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துச் செய்தி கேட்டுச் சீனாவில், கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்று நம்பி அயோடின் உப்பை அள்ளி வாங்கினார்கள். இத்தகைய விபத்தில் பெரியவருக்குக் கொடுக்கும் 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் அதைப் பெற ஆறு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்! அந்த மாத்திரையும் கதிரியக்க அயோடினிலிருந்து தைராய்டை மட்டுமே காக்கும், சீசியத்துக்கு உதவாது.

'இயல்பைவிடப் பத்து மடங்கு' என்று மட்டும் போடாதீர்கள். உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட். மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் அது 1 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க அங்கேயே நின்றாலும் சேர்வது 24 மைக்ரோசீவர்ட். இயற்கையிலிருந்து மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாகக் கிடைக்கும் 2,400 மைக்ரோசீவர்ட்டில் அது நூற்றில் ஒரு பங்கு. எண்ணை அச்சிடும்போது அது மணிக்கா, ஆண்டுக்கா, மில்லியா, மைக்ரோவா என்பதையும் சேர்த்தே அச்சிடுங்கள்.