வசந்திக்கு: தலைகீழாக நிற்காதே

கும்பகோணம்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு அம்மை போட்டு, நேற்றுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம்.

நீ யோகா வகுப்பில் சேர்ந்திருக்கிறாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பி.டி. பீரியட் என்றாலே வயிற்றுவலி என்று ஹாஸ்டலுக்கு ஓடினவள் நீ! ஆனால், "அடுத்த மாதம் மாஸ்டர் சிரசாசனம் சொல்லித் தருகிறாராம்" என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தினமும் ராத்திரி கண்ணில் சொட்டு மருந்து விடுகிறாய் என்பதை அவரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. யோகா பழகியவர்களைச் சிரசாசனத்தில் நிற்கவைத்து அளந்து பார்த்து, சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் எழுதியது இது. கிளாக்கோமாவில், அதுதான் உன் கண் அழுத்த நோயில், போன பார்வை திரும்பாது என்று உன் டாக்டர் சொன்னதை எனக்கு எழுதியதே நீதான். குனிந்து தலையைத் தொங்கவிடுகிற ஆசனங்களைக்கூட அவரைக் கேட்காமல் செய்யாதே.

அதற்காக யோகாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சுப் பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. அது என் கதை.

அவர் போன பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஒருநாள் மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூச்சை இழுக்கும்போது துடிப்பு நெருங்கி நெருங்கி வருகிறது, மெல்ல விடும்போது விலகி விலகிப் போகிறது. முப்பது வருஷம் பிளஸ் டூ விலங்கியல் நடத்தியவளுக்கு இது அறுபத்து மூன்று வயதில்தான் கைக்குத் தட்டுப்பட்டது! நீயும் பார். நம் வயதில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும், சர்க்கரை இருந்தால் இன்னும் குறையும். தெரியாவிட்டால் பயந்துவிடாதே.

மூன்றாம் வருஷம் பிராக்டிகலில் தவளை அறுத்தோமே, நினைவிருக்கிறதா? நீ கண்ணை மூடிக்கொள்ள, உன் தவளைக்கும் நான்தான் குண்டூசி குத்தினேன். தனியே எடுத்து உப்புக் கரைசலில் போட்ட இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருந்தது. 1921-ல் ஆஸ்திரியாவில் ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானி அப்படி இரண்டு இதயங்களை எடுத்தார். மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பை முதல் இதயத்தில் தூண்டியதும் அதன் துடிப்பு குறைந்தது. அது கிடந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்குக் கொடுத்தார், அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு சாற்றைச் சுரந்துதான் இதயத்தை அடக்குகிறது என்று தெரிந்துபோயிற்று. அதுதான் அசெட்டைல்கோலின். இந்த யோசனையே அவருக்குத் தூக்கத்தில் வந்ததாம். முதல் ராத்திரி எழுந்து கிறுக்கிவைத்தது காலையில் அவருக்கே புரியவில்லை. மறு ராத்திரி திரும்பவும் வந்ததும், விடியும்வரை காத்திருக்காமல் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டார். 1936-ல் நோபல் பரிசு.

மூச்சை இழுக்கும்போது அந்த வேகஸ் பிடியைத் தளர்த்துகிறது, விடும்போது இறுக்குகிறது. ஆகவே விடுகிற மூச்சை நீட்டினால் பிடியும் நீள்கிறது. நான் நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன். ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிஷத்துக்கு ஆறு. லூசியானோ பெர்னார்டி என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2001-ல் இதே கணக்கைத்தான் கண்டார்கள். 23 பேரை லத்தீனில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கழுத்துத் தமனியில் இருக்கிற அழுத்த உணரிகள் மூளைக்குச் சேதி சொல்லி இதயத்தைச் சரிசெய்கிற வேலையும் அப்போது நன்றாக நடந்தது. மாடி வீட்டு அம்மா ஜெபமாலை உருட்டுவதை இனிமேல் கிண்டல் செய்ய மாட்டேன். அவர் மூச்சே விடாமல் சொல்லி முடிக்கிறார் என்பது வேறு விஷயம்.

'நரம்பு' என்றதும் ஒன்று. ஊசி போட வருகிற நர்ஸ் "நரம்பே கிடைக்கலை" என்பாள். அவள் தேடுவது ரத்தக்குழாயை. சுவரில் எழுதியிருக்கிற 'நரம்புத் தளர்ச்சி' என்னவென்று எழுதினவருக்கே தெரியுமோ என்னவோ. யோகா மாஸ்டர்களும் 'நரம்பு மண்டலம் சுத்தமாகும்' என்கிறார்கள். அது என்ன, வாய்க்காலா தூர்வார?

இங்கேயும் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஒரு மண்டலம் பிராணாயாமம் செய்தால் பிரஷர் மாத்திரையைத் தூக்கிப்போடலாம் என்றார். படித்த முட்டாள் நான், தூக்கிப்போட்டேன். ஒன்பது நாள். பத்தாம் நாள் பேங்க் வரிசையில் பின்மண்டை கனத்து, பக்கத்து கிளினிக்கில் பார்த்தால் 178/100. டாக்டர் திட்டவில்லை, மாத்திரையை எழுதித் தந்து "மூச்சுப் பயிற்சியையும் விடாதீங்க" என்றார். இப்போது 136/84-ல் நிற்கிறது. அது மூச்சாலா, மாத்திரையாலா, ஊறுகாயை நிறுத்தியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நாலரை மணி விழிப்பு மட்டும் இன்னும் வருகிறது. ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்வதில்லை. இருபது மூச்சுக்குள் பெரும்பாலும் திரும்பத் தூங்கிவிடுகிறேன்.

உன் இடுப்புவலிக்கு வகுப்பு கொஞ்சம் உதவும். நடை, மற்ற உடற்பயிற்சி உதவுகிற அளவுக்குத்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

தீபாவளி கழிந்து கோயம்புத்தூர் வருகிறேன், சின்னவன் வீட்டில் ஒரு வாரம். உன் மாஸ்டரிடம் கண் விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன். உனக்கு வாய் வராது. அதுவரை மற்றவர்கள் தலைகீழாக நிற்கிற நேரத்தில் நீ ஓரமாகச் சவாசனத்தில் படுத்துக்கொள். அது உனக்கு நன்றாக வரும்.

என்றும் உன்,
லலிதா