நீண்ட ஸ்பிரின்ட் கார் பந்தயங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

ஸ்பிரின்ட் கார்கள், அதாவது சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய பந்தயக் கார்கள், அமெரிக்காவின் அரை மைல் மண் தடங்களில் ஓடும் எல்டோரா கிங்ஸ் ராயல் (40 சுற்றுகள்), நாக்ஸ்வில் நேஷனல்ஸ் இறுதிப் போட்டி (50 சுற்றுகள்) போன்ற பந்தயங்களில் எரிபொருள் நிரப்புவதற்காகப் பந்தயத்தை இடைநிறுத்துவதை எப்போது அறிவிப்பது என்பது குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

ஏறத்தாழ 6.7 லிட்டர் கொள்ளளவுள்ள இந்தக் கார்களின் எஞ்சின்கள் மெத்தனால் என்ற ஆல்கஹால் எரிபொருளில் ஓடுகின்றன. ஒரு லிட்டர் மெத்தனால், பெட்ரோல் தரும் ஆற்றலில் பாதியளவே தருவதால் தொட்டி விரைவாகக் காலியாகிறது. பெரிய தொட்டி வைத்தால் போதுமே என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் தொட்டியில் எடை கூடக்கூட, தொடக்கச் சுற்றுகளில் ஒரு விதமாகவும் கடைசிச் சுற்றுகளில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும் காரை ஓட்டுநர் சமாளிக்க வேண்டியிருக்கும்.

உண்மையான சிக்கல், விபத்து போன்ற நேரங்களில் கார்களை மெதுவாக ஓடவைக்கும் மஞ்சள் கொடியில் இருக்கிறது. அதன்கீழ் ஓடும் சுற்றுகளைப் பந்தயக் கணக்கில் நீங்கள் சேர்ப்பதில்லை, ஆனால் எஞ்சின் எரிபொருளைக் குடித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஸ்டார்ட்டரும் கிளட்சும் இல்லாத கார் என்பதால், அணைத்தால் பின்னாலிருந்து டிரக் தள்ளித்தான் மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். எனவே மிச்சம் பிடிக்க நினைக்கும் ஓட்டுநருக்கும் வழியில்லை.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து ஆண்டர்சனில் 1949 முதல் நடக்கும் லிட்டில் 500 பந்தயத்தில், கால் மைல் தார்த் தடத்தில் 500 சுற்றுகள் ஓடும் 33 கார்களும் பந்தயத்தின் நடுவே பிட்டுக்குள் (தடத்தோரப் பணியிடத்துக்குள்) வந்து எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. அது அந்தப் பந்தயத்தின் அழகு. ஐம்பது சுற்று மண் பந்தயத்துக்கு அதை அப்படியே கேட்க மாட்டேன். நான் கேட்பது ஒன்றே: மஞ்சள் சுற்றுகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை சுற்றுகள் ஆனதும் சிவப்புக் கொடி காட்டி நிறுத்துவீர்கள் என்பதைப் பந்தயத்துக்கு முன் ஓட்டுநர்களோடு நடத்தும் கூட்டத்திலேயே ஓர் எண்ணாகச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தத்துக்குப் போதிய நேரமும் கொடுங்கள். ஒருமுறை வேலியோரம் நின்று பார்த்தேன்: மெக்கானிக் கேனைக் கவிழ்த்துப் பிடித்திருக்க, நேரம் முடிந்ததென்று கை காட்டப்பட்டது; பதறி இழுத்ததில் மெத்தனால் சூடான காரின் மேல் வழிந்தது. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்கே தெரியாது. அன்று எதுவும் பற்றிக்கொள்ளவில்லை, ஆனால் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நின்ற இளைஞனின் முகம் இன்னும் நினைவிலிருக்கிறது. எஞ்சின் முழுமையாக அணைந்த பின்னரே மூடியைத் திறக்கவும், நிரப்பி மூடும்வரை கடிகாரம் காத்திருக்கவும் அடுத்த பருவத்துக்கு முன் விதி எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்பிரின்ட் கார் பந்தய ரசிகன் ஒருவன்