சென்ட்ரல் 150-க்கு டிசைன் கேட்டா எக்மோர அனுப்பின கம்பெனிக்கு

வணக்கம்.

உங்க கஸ்டமர் கேர் நம்பருக்கு அஞ்சு நாளா போன் பண்ணிட்டு இருக்கேன், மூணு தடவ பாட்டு கேட்டேன், ரெண்டு தடவ 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு கேட்டேன், அப்புறம் கட் ஆயிடுச்சு. 2023 பிப்ரவரில சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஸ்பீக்கர் அனௌன்ஸ்மென்ட்ட நிறுத்தினாங்க, எல்லாம் போர்டுல பாத்துக்கங்கன்னு. உங்க ஆபீஸும் அதே வழியில போகுது போல, ஆனா போர்டு கூட இல்ல. அதான் எழுத்துல குடுக்குறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

நாங்க பெரிய அமைப்பு எல்லாம் இல்ல. ரயில்வேல இருந்து ரிட்டையர் ஆன இருபது இருபத்தஞ்சு பேரு, எல்லாரும் பெரம்பூர், அயனாவரம் பக்கம். சென்ட்ரல் 1873-ல தொறந்தது, 2023-ல 150 ஆகுது, நாம சோறு தின்ன எடம் ஏதாவது பண்ணுவோம்னு ஏரியா ஹால் ஒண்ண பிடிச்சு பழைய போட்டோ எல்லாம் மாட்டி, பசங்களுக்கு டிராயிங் போட்டி வெச்சு, யார் வேணா வரலாம்னு சொல்லி ஒரு நாள் விழா. அதுக்கு லோகோ, மேடைக்கு பின்னாடி கட்ட 10 அடிக்கு 6 அடி பேனர், இன்விடேஷன், ரெண்டு ஸ்டாண்டி (வாசல்ல நிக்க வெக்கிற போர்டு), இதுக்கு டிசைன் மட்டும் 14,500 ரூபா பேக்கேஜ். டீ-ஷர்ட் 60, ஒண்ணு 280, அது 16,800. ஆக மொத்தம் 31,300 ரூபா முன்பணமாவே கட்டியாச்சு, எல்லாம் ஆளுக்கு கொஞ்சம் பென்ஷன்ல இருந்து போட்டது.

மொதல் டிராஃப்ட் நல்லா இருந்துச்சு. இத சொல்லியே ஆகணும். பேனாவுல கிறுக்கின மாதிரி நாலஞ்சு கோடுல அந்த மணிக்கூண்டு, கீழ ரெண்டு தண்டவாளம், அது வளைஞ்சு 150-ல இருக்கிற சைபரா மாறும். பாத்ததும் எங்க ஆளுங்க எல்லாரும் வாட்ஸப்ல கைதட்டினாங்க, நான்தான் 'அப்ரூவ்ட்'னு டைப் பண்ணி அனுப்பினேன். அத வரைஞ்ச பொண்ணு யாருன்னு தெரியாது, அவங்களுக்கு நன்றி. அடுத்த வாரம் கேட்டா அவங்க லீவு, வேற டிசைனர் பாக்குறாருன்னாங்க. அங்க ஆரம்பிச்சது வினை.

ஞாயித்துக்கிழமை விழா, வெள்ளிக்கிழமை ராத்திரி 9:40-க்கு ஃபைனல் ஃபைல்னு வாட்ஸப்ல ஒரு ஜேபெக் வருது. தெறந்து பாத்தா எக்மோர் ஸ்டேஷன்.

நான் கிண்டல் பண்ணல. எக்மோர் ஸ்டேஷன், அந்த கும்மட்டம், அந்த வளைவு எல்லாம் அப்படியே, நடு கும்மட்டத்து மேல ஒரு கடியாரத்த வெட்டி ஒட்டியிருக்கு. கடியாரம் பத்து பத்து காட்டுது, கைக்கடியார விளம்பரத்துல இருந்து எடுத்தது போல. ரெண்டு ஸ்டேஷனும் செவப்பு செங்கல் வெள்ள பட்டைதான், வெளியூர்க்காரங்களுக்கு குழப்பம் வரும், ஒத்துக்கறேன். 31 வருஷம் டிக்கெட் செக்கரா இருந்தவன் நான், தென்காசி போக வேண்டியவங்க கையில சூட்கேஸோட சென்ட்ரல்ல வந்து நின்னு கண்ணு கலங்கினத எத்தனையோ தடவ பாத்திருக்கேன். அந்த காலத்துல எக்மோர்னா மீட்டர் கேஜ் (அகலம் கம்மியான தண்டவாளம்), தெற்க போற வண்டி, சென்ட்ரல்னா பிராட் கேஜ் (அகல தண்டவாளம்), வடக்க மேக்க போற வண்டி, 1951-க்கு முன்னாடி கம்பெனியே வேற வேற. ஆனா அந்த பயணிங்க யாரும் தப்பான ஸ்டேஷனுக்கு வந்ததுக்கு எங்கிட்ட பில் போடல. உங்க பில்லுல சென்னை அட்ரஸ்தான் போட்டிருக்கு. உங்க டிசைனர் ஒரு பஸ் ஏறி வந்து ரோட்டுல நின்னு தலைய தூக்கி பாத்திருந்தா முடிஞ்சிருக்கும்.

பில்டிங் தெரியலன்னா கேக்கலாம்ல. சென்ட்ரல் ஹார்டிங்னு ஒருத்தர் போட்ட பிளான், அப்புறம் சிசோம்னு இன்னொருத்தர் வந்து மாத்தி அந்த மணிக்கூண்ட எல்லாம் சேத்தாரு, 1900-ல தான் வேலை முடிஞ்சது. எக்மோர் 1908, ஹென்றி இர்வின் போட்டது, ரெண்டுத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இத எல்லாம் நான் ஆர்டர் குடுக்கும்போதே ஒரு பக்கம் டைப் பண்ணி, கூடவே எட்டு போட்டோ அனுப்பினேன், அதுல ஒண்ணு கூட யாரும் தெறக்கலன்னு நெனைக்கிறேன்.

ஏன் அப்படி சொல்றேன்னா பேனர்ல வருஷம் '1856 - 2023'. கீழயே பெரிய எழுத்துல '150 ஆண்டுகள்'. கழிச்சு பாருங்க, 167 வருது. 1856-ல தொறந்தது ராயபுரம் ஸ்டேஷன், மெட்ராஸோட மொத ஸ்டேஷன் அதுதான். என் குறிப்புல ராயபுரம் பத்தி ஒரு வரி இருந்துச்சு, அதுல இருந்து வருஷத்த மட்டும் எடுத்து போட்டுட்டாங்க. அப்போ படம் எக்மோர், வருஷம் ராயபுரம். சரி பேராவது சென்ட்ரலான்னு பாத்தா, 2019-ல வெச்ச முழுப்பேரு கீழ சின்னதா போடுங்கன்னு சொல்லியிருந்தேன், அதுக்கு 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம்'னு போட்டிருக்காங்க. அது கோயம்பேடு சார்! ஒரே பேனர்ல மூணு எடம் சுத்தி காட்டிட்டீங்க, நாங்க விழா எடுக்குற எடத்த மட்டும் காணோம்.

உடனே மெசேஜ் போட்டேன். வந்த பதில்: உங்க மூணு ஃப்ரீ ரிவிஷன் முடிஞ்சது, அடுத்ததுக்கு 750 ரூபா, ஒரிஜினல் ஃபைல் வேணும்னா தனியா 3,000. அந்த மூணு ரிவிஷன்ல ரெண்டு எங்க தலைவர் பேர்ல நீங்க போட்ட ன, ண தப்ப திருத்தினது. கூடவே, நீங்கதான் அப்ரூவ் பண்ணீங்கன்னு என் மெசேஜையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புறீங்க. நான் அப்ரூவ் பண்ணது மணிக்கூண்ட. பொண்ணு பாக்கும்போது ஒருத்திய காட்டிட்டு மணவறைல வேற ஆள உக்கார வெச்சுட்டு, நீங்கதான சரின்னு தலையாட்டினீங்கன்னா என்ன நியாயம் அது.

சனிக்கிழமை மத்தியானம் டீ-ஷர்ட் மூட்டை வந்துச்சு. நெஞ்சுல 'சென்ட்ரல்'னு இருக்கணும். 'ச' எழுத்துக்கு முன்னாடி நிக்க வேண்டிய ஒத்தக்கொம்பு 'ச'-வுக்கு பின்னாடி போய் தனியா ஒரு புள்ளி வட்டத்த கட்டிக்கிட்டு தொங்குது. 60 சட்டையிலயும். என் பேரன் டிசைன் படிக்கிறான், பாத்ததும் சொல்லிட்டான், தாத்தா இலஸ்ட்ரேட்டர்ல நம்ம எழுத்துக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு, அத ஆன் பண்ணாம பேஸ்ட் பண்ணா கொம்பு இப்படித்தான் எடம் மாறும்னு. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் ஒரே ஒரு தடவ கண்ண ஓட்டியிருந்தா போதும், எந்த செட்டிங்கும் வேணாம். கலர் அடுத்த கூத்து. போன்ல பாத்தப்போ செங்கல் செவப்பு, துணியில வந்தது பீட்ரூட் பொரியல். ஸ்க்ரீன்ல தெரியுற கலர் வேற, மை கலந்து வர்ற கலர் வேற, அதனாலதான் ஒரு சட்டை சாம்பிள் அடிச்சு காட்டுங்கன்னு ஆரம்பத்துலயே கேட்டேன், அதெல்லாம் தேவையில்ல சார் நாங்க புரொஃபஷனல்னு சொன்னது உங்க சேல்ஸ் தம்பி.

அந்த ஜேபெக்க வெச்சு கோயில் தெருவுல ஃப்ளெக்ஸ் கடைக்கு போனா அந்த தம்பி பெருசு பண்ணி காட்டுறான், எல்லாம் கட்டம் கட்டமா உடையுது. சார் இது வாட்ஸப்ல சுருங்கின படம், 10 அடிக்கு அடிச்சா கொசுவலை மாதிரி இருக்கும், எவ்வளவு பெருசு பண்ணாலும் உடையாத வெக்டர் ஃபைல் வாங்கிட்டு வாங்கன்னான். எங்க போய் வாங்குறது. கடைசில நான் எடுத்த போட்டோ ஒண்ண வெச்சு அவனும் என் பேரனும் உக்காந்து, மணிக்கூண்டோட ஒவ்வொரு ஓரத்தையும் மவுஸால கோடு கோடா இழுத்து வரைஞ்சாங்க. ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. நான் பக்கத்துல ஸ்டூல்ல உக்காந்து, ஜன்னல் அங்க இல்லப்பா கொஞ்சம் மேல, கொடிக்கம்பத்த விட்டுட்டியேன்னு சொல்லிட்டு இருந்தேன். அவன் டிசைனுக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டான், பிரிண்டுக்கு மட்டும் வாங்கினான்.

ஸ்டாண்டி ரெண்டும் டைம் இல்லாம நீங்க அனுப்புன படத்துலயே அடிச்சோம், அது என் தப்பு. வாசல்லயே ரெண்டாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு நின்னு பாத்துட்டு, தாத்தா இது எக்மோர்தான, எங்க ஆயா வீட்டுக்கு போறப்ப இங்கதான் டிரெயின் ஏறுவோம்னு சொல்லுச்சு. நான் ரெண்டு ஸ்டாண்டியையும் திருப்பி சுவத்த பாத்து வெச்சுட்டேன்.

எனக்கு வேண்டியது இதுதான். டீ-ஷர்ட் காசு 16,800 முழுசா வேணும். டிசைன் காசுல 2,500 நீங்க வெச்சுக்கலாம், மொத டிராஃப்ட் போட்ட பொண்ணுக்கு அது போய் சேரணும், மீதி 12,000 திருப்பி குடுங்க. ஆக 28,800 ரூபா, பதினஞ்சு நாள்ல. கூப்பன் வேணாம், அடுத்த ஆர்டர்ல 20 சதவீதம் கழிவும் வேணாம், அடுத்த ஆர்டரே கிடையாது. வரலன்னா நுகர்வோர் கமிஷன்ல போட்டுடுவேன், பில்லு, மெசேஜ், சட்டை எல்லாம் பத்திரமா இருக்கு, ரிட்டையர் ஆனவனுக்கு அலைய நேரம் நெறைய.

இன்னொண்ணு. உங்க ஆன்லைன் பக்கத்துல 'எங்கள் படைப்புகள்'னு போட்டு, அந்த கடியாரம் ஒட்டின எக்மோர 'சென்னை சென்ட்ரல் 150'னு பேர் வெச்சு நேத்து ஏத்தியிருக்கீங்க. இத எழுதுற நேரத்துக்கு 214 லைக்கு. காசு கூட லேட்டா வரட்டும், அத இன்னைக்கே எடுங்க.

60 சட்டையும் மூட்டையா கட்டி திண்ணைல வெச்சிருக்கேன், ஆள் அனுப்பி எடுத்துக்கங்க. வர்ற தம்பிக்கு பெரம்பூர்னு தெளிவா சொல்லி அனுப்புங்க, தாம்பரத்துல போய் எறங்கிட போறாரு.

இப்படிக்கு,
பில்லுல பேர் தப்பா அடிச்சிருக்கிற அதே கஸ்டமர்