கொலோசஸைக் கட்டியவர் டியூரிங் அல்லர்

கணினி வரலாற்றைத் தமிழில் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 'எனிக்மாவை உடைக்க டியூரிங் கொலோசஸைக் கட்டினார்' என்று இனி எழுதாதீர்கள். ஒரே வரியில் இரண்டு பிழை. எனிக்மா, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் செய்திகளை மறையீடு செய்த பொறி; அதை உடைக்க உழைத்தது 'பாம்ப்' என்ற சுழல் உருளைப் பொறி. கணிதவியலர் ஆலன் டியூரிங்கின் கை அதில்தான். கொலோசஸ் என்ற பிரிட்டிஷ் மின்னணுப் பொறி குறிவைத்தது ஜெர்மானியரின் லோரன்ஸ் டெலிபிரிண்டர் (தொலை அச்சுப்பொறி) மறையீட்டை. கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ். 1905இல் லண்டன் பாப்லரில் கொத்தனார் மகனாகப் பிறந்து, மாலை வகுப்பில் பட்டம் வாங்கியவர். அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வகத்தில், தொலைபேசி இணைப்பகங்களில் ரிலே என்ற மின்காந்த சுவிட்சுக்குப் பதிலாக வால்வை (வெற்றிடக் குழாயை) போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரிட்டனின் மறையீடு உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் இருந்த கணிதவியலர் மாக்ஸ் நியூமனிடம் அவரைப் பரிந்துரைத்தவர் டியூரிங். அந்தப் பங்கை மறைக்க வேண்டாம்.

கொலோசஸுக்கு முன்னால் வந்த ஹீத் ராபின்சன் பொறியில் இரண்டு காகித நாடாக்கள். ஒன்றில் செய்தி, மற்றதில் லோரன்ஸ் சக்கரங்களின் அமைப்பு. இரண்டும் பல்சக்கரத்தில் ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓட வேண்டும். வேகம் கூட்டினால் காகிதம் நீளும், துளை கிழியும், ஒத்திசைவு போகும். எண்ணிக்கை தப்பாக வரும்.

ஃபிளவர்ஸ் ஒரு நாடாவையே தூக்கி எறிந்தார். சக்கர அமைப்பைத் தைராட்ரான் (வாயு நிரப்பிய வால்வு) வளையங்கள் மின்னணு முறையில் உருவாக்கின. செய்தி நாடாவை இழுப்பது பல் இல்லாத கப்பிகள். நாடாவின் நடுவில் உள்ள சிறு துளைகளை ஒளிமின் கலம் படிக்க, அந்தத் துடிப்பே பொறி முழுவதற்கும் கடிகாரம். நாடா சற்று வேகம் மாறினாலும் சுற்றுகளும் கூடவே மாறும். விநாடிக்கு 5,000 எழுத்து. சோதனையில் 9,700ஐத் தொட்டபோது நாடா அறுந்தது.

லோரன்ஸின் 12 சக்கரங்களில் இரண்டை (41, 31 நிலைகள் கொண்டவை) மட்டும் எடுத்தாலும் 41×31, அதாவது 1,271 தொடக்க நிலைகள். முதல் கொலோசஸ் நாடாவின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிலையைச் சோதித்தது. இரண்டாவது வடிவம் ஒரே சுற்றில் ஐந்தை.

ஆயிரத்துக்கு மேல் வால்வு போட்டால் தினமும் எரிந்து போகும் என்றார்கள். ஃபிளவர்ஸுக்கு அனுபவம் வேறு: வால்வைக் கொல்வது பெரும்பாலும் அணைத்து அணைத்துப் போடுவதுதான், சூடும் குளிரும் மாறி மாறி வருவதால். எனவே அணைக்கவே இல்லை.

முதல் கொலோசஸ் சுமார் 1,600 வால்வுகளுடன் 1944 ஜனவரியில் பிளெட்ச்லி பார்க் போய்ச் சேர்ந்தது. பிப்ரவரி 5 அன்று முதல் செய்தியைக் கையாண்டது. 2,400 வால்வுள்ள அடுத்த வடிவம் ஜூன் 1 அன்று, நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஐந்து நாள் முன்பு தயார். போர் முடிகையில் பத்துப் பொறிகள். பிறகு ஆவணங்களை எரிக்கச் சொன்னார்கள், ஃபிளவர்ஸ் எரித்தார். அவருக்குக் கிடைத்த பரிசு 1,000 பவுண்டு. 1970கள் வரை கொலோசஸ் வெளியுலகுக்குத் தெரியாது. அதற்குள் 1946இல் அறிவிக்கப்பட்ட அமெரிக்கக் கணினி எனியாக் 'முதல்' பட்டத்தை வாங்கிக்கொண்டது.

அதற்காகக் கொலோசஸைப் 'பொதுப்பயன் கணினி' என்று ஏற்றிவிடவும் வேண்டாம். நிரலைச் சேமிக்கும் நினைவகம் அதற்கில்லை; செருகியும் சுவிட்சும் மாற்றித்தான் வேலையை மாற்றினார்கள். 'நிரல்படுத்தக்கூடிய, மின்னணு, இலக்க' என்ற மூன்று அடைமொழியோடு எழுதுங்கள். பில் டட்டின் பெயரையும் விடாதீர்கள்: லோரன்ஸ் பொறியைப் பார்க்காமலே அதன் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தவர் அவர்.

இப்படிக்கு,
மின்னணுப் பொறியாளர்கள் சிலர்