கோத்தகிரி: நம் சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் படி ஒன்று, சந்தா நினைவூட்டலோடு, அவர்கள் வீட்டுக்கே போய்ச் சேரும்.

மாதக் கூட்டங்கள் இரண்டாம் சனிக்கிழமைகளில் வழக்கம்போல் நடந்தன. ஜனவரியில் படுகர் திருவிழாவான ஹெத்தை ஹப்பாவை முன்னிட்டுக் கூட்டம் இல்லை. மே மாதம் நேரு பூங்கா காய்கறிக் கண்காட்சிக்குப் போய்வந்தோம். ஜூனில் விதைப் பரிமாற்றம் நடந்தது. அவரை விதை மிஞ்சியது, பூண்டு போதவில்லை. மண் பரிசோதனை பற்றிப் பேசக் கோவையிலிருந்து ஒருவரை அழைத்திருந்தோம். இ-பாஸ் எடுத்து, வண்டி வரிசையில் நின்று, கூட்டம் கலையும் நேரத்துக்கு மலையேறி வந்தார். தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

இனி, இந்த ஆண்டு சங்கம் செய்த உருப்படியான வேலைக்கு வருகிறேன். வீடு, தோட்டம், கைவேலை பற்றிய பரிந்துரை நூல் பட்டியல் தயாராகிவிட்டது.

ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் “எந்தப் புத்தகம் வாங்கலாம்?” என்று கேட்பதும், நாலு பேர் நாலு பெயர் சொல்வதும், கேட்டவர் எதையும் வாங்காமல் போவதும் நெடுநாள் வழக்கம். சென்ற பொதுக்குழுவில் இதற்கென மூவர் குழு அமைத்தீர்கள். குழுவின் மற்ற இரு உறுப்பினர்களின் பங்களிப்பாக, அவர்கள் முதல் அமர்வுக்கு வந்ததைக் குறிப்பிட விரும்புகிறேன்.

பட்டியல் சிறியது என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. கடையில் கிடைக்கும் தோட்டப் புத்தகங்களில் பெரும்பாலானவை நம் ஊருக்காக எழுதப்பட்டவை அல்ல என்பதே அதற்குப் பதில். இங்கிலாந்துப் புத்தகம் மார்ச்சில் கண்ணாடிக் கூரைக்குள் விதைத்து, உறைபனி போனபின் மே மாதம் வெளியே நடச் சொல்லும். நமக்கு உறைபனி டிசம்பர், ஜனவரியில். அமெரிக்கப் புத்தகம் எல்லாச் செடிகளையும் குளிர்காலக் குறைந்தபட்ச வெப்பநிலையை வைத்து மண்டலம் மண்டலமாகப் பிரிக்கும்; நம்முடைய தலைவலி குளிரை விட மழையும் சரிவும்தான். சரி, தமிழ்ப் புத்தகமாவது எடுப்போம் என்றால், அது மொட்டை மாடியில் நிழல்வலை கட்டச் சொல்கிறது. நாம் வெயில் விழும் இடம் தேடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள்.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் புத்தகம் பட்டியலில் ஏறினாலும், அது நம் மலைக்கு எங்கே பொருந்தாது என்று எழுதிய சீட்டு அதன் முதல் பக்கத்தில் ஒட்டப்பட வேண்டும். சீட்டு இல்லாமல் பரிந்துரை இல்லை. இந்தச் சீட்டுகளை எழுதத்தான் நாள் பிடித்தது, வாங்க அல்ல.

முதலிடம் ஃபைசனின் ‘நீலகிரி, பழனி மலை உச்சிகளின் தாவரங்கள்’ நூலுக்கு. சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் எழுதியது. 1915 முதல் 1920 வரை மூன்று தொகுதிகளாக வந்தது. 6,500 அடிக்கு மேல் வளரும் காட்டுச் செடிகளோடு, வெளியிலிருந்து வந்து இங்கே பரவலாகிவிட்ட செடிகளையும் சேர்த்திருக்கிறார். தலைப்புப் பக்கத்திலேயே உதகமண்டலம், கொடைக்கானலோடு கோத்தகிரியின் பெயரும் உண்டு. “இது தோட்டப் புத்தகம் அல்லவே” என்று ஆட்சேபம் எழுந்தது. அல்லதான். ஆனால் எதைப் பிடுங்குகிறோம், எதை விடுகிறோம் என்று தெரியாமல் களை எடுக்கிறவருக்கு இதைவிட அவசரமான நூல் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலத் தோட்ட நூல்களுக்கான சீட்டில் மட்டும் சிவப்பு மை. வேலிக்கும் மஞ்சள் பூவுக்கும் அவை புகழும் கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய இரண்டும் வெள்ளைக்காரர் காலத்தில் ஆசைப்பட்டுக் கொண்டுவரப்பட்டவை. இன்று ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அதே நூல்கள் ஹைட்ரேஞ்சியாவை நீலமாக்க அலுமினியம் சல்பேட் போடச் சொல்கின்றன. நம் புளிப்பு மண்ணில் அது தானாகவே நீலமாகத்தான் பூக்கும். ரோஸ் நிறம் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் தேயிலைக்கு வாங்கும் டோலமைட் சுண்ணாம்பில் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். உருளைக்கிழங்கு அத்தியாயத்துக்குத் தனிச் சீட்டு உண்டு. முட்டைக்கூடு கட்டும் நூற்புழு 1961-இல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்டதும், அந்தக் கூடு மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதும் எந்த வெளியூர்ப் புத்தகத்திலும் நம் காதில் விழும்படி சொல்லப்படவில்லை. விதைக் கிழங்கைச் சமவெளிச் சொந்தக்காரர்களுக்குப் பையில் போட்டுக் கொடுத்தனுப்பும் அக்காமார்கள் அதை அவசியம் படிக்க வேண்டும்.

ஜப்பானிய விவசாயி ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ இளைஞர்களின் வற்புறுத்தலால் சேர்ந்தது. 1975-இல் ஜப்பானில் வெளிவந்த இந்த நூல் தமிழிலும் உண்டு. உழாமல் விவசாயம் செய்வதைப் பற்றியது. நெல்லும் பார்லியும் நமக்குச் சம்பந்தமில்லை. ஆனால் மண்ணை வெறுமையாக விடாதே என்பது, முதல் மழைக்கே மேல்மண் ஓடைக்குப் போய்விடும் நம் சரிவுகளுக்கு நேராகச் சொன்னது. உழாமல் விவசாயம் என்றால் உறுப்பினர் எதுவுமே செய்ய வேண்டாம் என்று பொருளல்ல என்பதையும் சீட்டில் எழுதியிருக்கிறேன்.

வீடு பற்றிய பகுதியில், கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் சிறு கையேடுகள் இடம்பெறுகின்றன. படமும் எழுத்தும் அவர் கையாலேயே போட்டவை; படிக்கக் கட்டடப் படிப்பு வேண்டாம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்றுக்கு இடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’க் கட்டுமுறையில் செங்கல் கிட்டத்தட்ட கால்வாசி மிச்சமாகும், சுவரும் குளிரை அவ்வளவாக உள்ளே விடாது. கேரளத்து வெக்கைக்குச் சொன்னது நம் குளிருக்கும் உதவுகிறது. ஹாலோ பிளாக்கில் கட்டிவிட்டு ஹீட்டர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது சர்ச்சைக்குரிய புத்தகம். அமெரிக்காவில் அச்சான, தலையணை கனமுள்ள வீட்டுப் பழுதுப் புத்தகத்தைச் செயலாளராகிய நான் தன்னிச்சையாக வாங்கினேன் என்று செயற்குழுவில் பேசப்பட்டது. குழு அமைத்த தீர்மானத்தில் “ஆவன செய்க” என்று இருக்கிறது. புத்தகம் வாங்காமல் நூல் பட்டியலுக்கு ஆவன செய்வது எப்படி என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்துக்குப் புட்டிப் பசை பூசுவது, கதவு கீல் சரிசெய்வது, ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது ஆகியவற்றுக்கு இதைப் போலப் படம் போட்ட நூல் வேறில்லை. ஆனால் மின்சார அத்தியாயத்தை நானே ஸ்டேப்லர் போட்டு மூடியிருக்கிறேன். அவர்கள் ஊரில் கறுப்பு ஒயரில் மின்சாரம் வரும், வெள்ளைதான் நியூட்ரல். நம் வீடுகளில் கறுப்பு நியூட்ரல். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஓர் உறுப்பினர் இதைத் தணிக்கை என்றார். அவர் வீட்டு வயரிங் என்றும் நலமாயிருக்க வாழ்த்துகிறேன். மரச்சட்டத்துக்கு அவர்கள் சொல்லும் ‘டூ பை ஃபோர்’ உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம் என்பதையும், தச்சரிடம் சண்டை போடும் முன் சீட்டில் பார்த்துக்கொள்ளவும். தடுப்புச் சுவர் பற்றிய பக்கத்தில் ஒரே வரிதான்: நம் சரிவில் இது கைவேலை அல்ல, பொறியாளரைக் கூப்பிடவும். 2009 நவம்பர் மழையில் மண் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காட்டெருமையைப் பற்றி ஒரு நூலும் பேசவில்லை. நத்தைக்கு நாலு பக்கம் இருக்கிறது. நம் உறுப்பினர்களே அனுபவத்தை எழுதித் தந்தால் தனிச் சீட்டாகச் சேர்க்கலாம் என்று ஆகஸ்டில் அறிவித்தேன். இதுவரை வந்தது ஒரு புகைப்படம். அதில் காட்டெருமை மட்டுமே தெளிவாக இருக்கிறது, வேலி தெரியவில்லை.

இத்தனையும் செய்து நூல்களை அலமாரியில் வைத்தால், இரவல் போனவை திரும்புவதில்லை. பேக்கர் கையேடு ஒன்றை எடுத்த மூத்த உறுப்பினரிடம் கேட்டபோது, “நூல்கள் பயன்பாட்டுக்கே என்று நூலகத் தந்தை ரங்கநாதனே 1931-இல் சொல்லிவிட்டார் தம்பி, பயன்பாட்டில்தான் இருக்கிறது” என்றார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பதும் அதே ரங்கநாதன் சொன்னதுதான் என்று பணிவோடு நினைவூட்டினேன். கையேடு இன்னும் வரவில்லை.

சந்தா விஷயம். கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். மற்றவர்களின் பெயர்களை இங்கே படிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பெயர்ப்பட்டியல் என் பையில் இருக்கிறது. கூட்டத்துக்கு வராததற்கு மூடுபனி, கடைசி பஸ், பசுந்தேயிலை விலை எல்லாம் காரணமாகச் சொல்லப்படுகின்றன. விலை விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அதே மூடுபனியில் அதே பஸ்ஸில்தான் வழக்கமான அந்தச் சிலரும் வருகிறார்கள்.

வரவு செலவு பொதுவாகத் திருப்திகரம். வரவுக்குள் செலவு அடங்கியது. அடங்காத சிறு தொகை அடுத்த ஆண்டுக் கணக்கில் சரிசெய்யப்படும். விவரம் கேட்போர் பொருளாளரை அணுகலாம்.

கூட்டத்துக்கு அறை தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தேநீர் பொறுப்பேற்ற மகளிர் உறுப்பினர்களுக்கும், நகலெடுப்பில் விலை குறைத்துத் தந்த கடைக்காரருக்கும், கேள்விகளால் என்னை விழிப்போடு வைத்திருந்த பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பட்டியலின் இரண்டாம் பகுதியில் உரம், நாற்று, தகரக் கூரை ஒழுக்கு ஆகியவற்றுக்கான நூல்கள் வர வேண்டும். அலமாரிக்குக் கதவு இல்லை. கதவு இருந்தால் பூட்டும் வேண்டும். இதற்கெல்லாம் நிதி எங்கிருந்து வரும் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு வயதாகிறது, செயலாளர் பொறுப்பை இளையவர் யாரேனும் ஏற்றால் மகிழ்ச்சியே. அப்படி ஏற்பவர் சீட்டு எழுதும் வேலையையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. கை தூக்குபவர்கள் தேநீருக்கு முன் தூக்கவும். யாரும் தூக்காவிட்டால், சென்ற ஆண்டு போலவே என் பெயரை முன்மொழிபவரும் வழிமொழிபவரும் தங்கள் சந்தாவைக் கட்டிவிட்டு மொழியும்படி கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்று ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்