காந்தச் செய்தியும் அண்ணனின் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் தங்கள் நாளிதழில், எலியின் மூளைச் செல்களை வெளியிலிருந்தே காந்தத்தால் இயக்குகிறார்கள், நடுக்குவாதத்துக்கு விடிவு பிறந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. அதை வெட்டி, லேமினேஷன் செய்து, எங்கள் பக்கத்து வாரச்சந்தையில் ஒருவர் கடை முன்னால் தொங்கவிட்டிருக்கிறார். கீழே காந்தத் தலைப்பட்டை விற்கிறார், ஒன்று 1,200 ரூபாய். என் அண்ணன் வாங்கிவந்துவிட்டார்.

அண்ணன் நாற்பது ஆண்டு மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். அவர் தண்டைச் சீவிப் பொருத்தினால் இடையில் நகம் நுழையாது. அந்தக் கை டீ டம்ளரைப் பிடிக்க இப்போது இன்னொரு கை துணைக்கு வேண்டியிருக்கிறது. பட்டை கட்டினால் மாத்திரை தேவையில்லை என்று கடைக்காரர் சொல்ல, இவர் ஒன்பது நாள் மாத்திரையைத் தொடவில்லை. பத்தாம் நாள் காலை, புரண்டு படுக்கக்கூட முடியாமல் விறைத்துக் கிடந்தார். கண் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். திரும்பி வந்ததும் பட்டையைப் பிரித்தேன். துணிக்குள் பசைபோட்டு ஒட்டிய எட்டு வட்டக் காந்தங்கள். ஒன்றின்மேல் ஓர் இரும்பு நட்டை வைத்து ராத்திரி முழுவதும் விட்டேன். காலையில் தொட்டால் சில்லென்று இருந்தது.

சூட்டைத்தான் நான் தேடினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த ஆய்வுகளைத் தேடியெடுத்து எனக்குப் படித்துச் சொன்னாள். மிளகாயைக் கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலை உணரும் புரதம் ஒன்று நம் நரம்புகளில் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டாலும் அதே புரதம்தான் வாசலைப்போலத் திறக்கும். அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொலினா அனிக்கீவா குழுவினர், எலி மூளையின் ஆழத்தில் ஓரிடத்துச் செல்களுக்குள் அந்தப் புரதத்தின் மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தினார்கள். இரும்பு ஆக்சைடு நுண்துகள்களையும் ஊசியால் அங்கேயே செலுத்தினார்கள். பிறகு வெளியிலிருந்து, நொடிக்கு லட்சக்கணக்கான முறை திசை மாறும் காந்தப்புலம். துகள் சூடேறுகிறது, வாசல் திறக்கிறது, செல் தூண்டப்படுகிறது. 2017இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆர்ன்ட் பிராலே குழுவினர் இப்படியே எலிகளை ஓடவும், சுற்றவும், நின்ற இடத்தில் உறையவும் வைத்தார்கள்.

ஓடி நின்ற மோட்டாரின் ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டிய சுற்றாத இரும்புப் பகுதியை, தினமும் கை வைத்துப் பார்க்கிறவனுக்கு இது உடனே பிடிபட்டது. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம்தான் இரும்பைச் சூடாக்கும். நம் லைன் மின்சாரமே நொடிக்கு 50 சுற்று. பட்டையில் இருக்கும் காந்தமோ மாறாமல் அப்படியே கிடக்கிறது. அண்ணன் தலைக்குள் நுண்துகளும் இல்லை, செலுத்திய மரபணுவும் இல்லை. அது எதைத் திறக்கும்?

இன்னொன்றையும் தாங்கள் எழுதவில்லை. 2016இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார், துகளே வேண்டாம், உடம்பில் இரும்பைச் சேமிக்கும் ஃபெரிட்டின் புரதத்தை வாசல் புரதம் ஒன்றோடு ஒட்டவைத்தால் போதும் என்று 'மேக்னெட்டோ' முறையை வெளியிட்டார்கள். ஃபெரிட்டினைக் காந்தம் இழுக்கும் விசை வாசலைத் திறக்க லட்சம் மடங்குக்கும் மேல் போதாது என்று அதே ஆண்டில் மார்கஸ் மெய்ஸ்டர் என்ற விஞ்ஞானி கணக்குப் போட்டுக் காட்டினார். 2020இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகச் செய்துபார்த்துவிட்டு, பலன் கிடைக்கவில்லை என்று 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் எழுதின. முதல் கட்டுரை வந்ததும் அதே இதழில்தான். அறிவியலின் மீது எனக்கு மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

பிராலேயின் எலிகளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் அது மனிதருக்கும் வரட்டும், மூளைக்குள் கம்பி வைக்காமலே நடுக்கம் நிற்கட்டும். இன்றைக்கு அண்ணனுக்கு இருப்பது நேரம் தவறாத மாத்திரைதான். மறுபடி தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நேற்று வாசல்வரை தானே நடந்துவந்தார்.

ஆசிரியர் அவர்களே, விடுபட்டதையும் வெளியிடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். நானும் வெட்டி லேமினேஷன் செய்து, சந்தையன்று அந்தக் கடைக்கு எதிரே நின்று பிடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் காயில் கட்டும் தொழிலாளி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.