செத்த செல்லைப் பார்த்து என்ன தெரியும்?

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகள் தேறிவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். முழங்கால் வலியைத் தள்ளிப்போடாதே, யாரிடமாவது காட்டு.

பதில் தாமதமானதற்கு நீ கேட்ட கேள்விதான் காரணம். "செத்த செல்லை வைத்துக்கொண்டு உயிருள்ள நரம்பைப் பற்றி எப்படிடா சொல்கிறாய்?" என்று ஒரு வரியில் கேட்டுவிட்டாய். அது என்னை நாலு நாள் தூங்கவிடவில்லை.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, மூளைத் துணுக்கை வேதிப்பொருளில் ஊறவைத்து, ஆஸ்மியம் என்ற கன உலோகத்தை ஏற்றி, ரெசின் என்ற பிளாஸ்டிக் போன்ற பிசினில் புதைத்துக் கெட்டியாக்குவோம். அப்புறம் வைரக்கத்தியால் சீவுவோம். ஒரு சீவலின் தடிமன் சுமார் 70 நானோமீட்டர், ஏறக்குறைய தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கத்தியை ஒட்டிய சின்னத் தொட்டித் தண்ணீரில் சீவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். வெள்ளிபோல் மின்னினால் தடிமன் சரி. தங்க நிறம் வந்தால் கொஞ்சம் தடித்துவிட்டது. அவற்றை நகர்த்தக் குச்சி நுனியில் ஒட்டிய ஓர் இமை முடியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டும். பலமாக மூச்சு விட்டால் வரிசை கலைந்துவிடும்.

அந்த மூச்சுதான் போன மாதம் என்னை ஏமாற்றியது. நரம்பு முனைகளில் கரிய புள்ளிகள் தெரிந்தன. புதிதாக ஏதோ கிடைத்துவிட்டது என்று மூன்று வாரம் எண்ணி எண்ணி அட்டவணை போட்டேன். ஒரு ராத்திரி பார்த்தால், திசுவே இல்லாத வெறும் ரெசின் ஓரத்திலும் அதே புள்ளிகள்! சாயமேற்றும் ஈயக் கரைசல், மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து படிந்த ஈயக் கார்பனேட் அது. அட்டவணையை அழித்தபோது வலித்தது. இப்போதெல்லாம் எந்தப் படமானாலும் முதலில் வெறும் ஓரத்தைப் பார்த்துவிட்டுத்தான் செல்லுக்குள் போகிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நரம்பு மண்டலம் இடைவெளியே இல்லாத ஒரே வலை என்றார் இத்தாலிய விஞ்ஞானி கோல்ஜி. தனித்தனி செல்கள் தொட்டும் தொடாமலும் நிற்கின்றன என்றார் ஸ்பெயின் விஞ்ஞானி காஹால். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். ஆனால் வழக்கு தீரவில்லை. சாதாரண நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்ப்பது கடினம். செல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியோ சுமார் 20தான். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதைக் கண்ணுக்குக் காட்டியது. இரண்டு சவ்வுகள், நடுவே வெளிச்சமான ஒரு கோடு, ஒரு பக்கம் 40 நானோமீட்டர் அளவில் குமிழ்கள் திரண்டு நிற்கின்றன. அதே காலத்தில் பெர்னார்ட் காட்ஸ் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் உயிருள்ள தவளைத் தசையில் மின்னழுத்தத்தை அளந்து, நரம்பு தன் வேதிப்பொருளைப் பொட்டலம் பொட்டலமாகத்தான் வெளியிடுகிறது என்று கண்டிருந்தார்கள். செத்த படத்தில் கண்ட குமிழ்களும் உயிருள்ள தசையில் அளந்த பொட்டலங்களும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லின.

அதோடு நிற்கவில்லை. தவளையின் நரம்பைத் தூண்டிய சில மில்லி நொடிகளுக்குள், திரவ ஹீலியத்தில் குளிர்ந்த செம்புக் கட்டியில் தசையை மோதவிட்டு உறையவைத்தார்கள் ஹியூசர், ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 1979இல் வந்த அந்தப் படங்களில் குமிழ்கள் திறந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டிருந்தன. ஒரு படம் மட்டும் இருந்தால் அது பிணம்தான், கதிர். தூண்டியதையும் தூண்டாததையும், சற்று முன்னும் சற்றுப் பின்னும் உறைந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் நடந்தது என்ன என்று தெரிகிறது.

போன வாரம் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஒரு குமிழின் சவ்வு செல்லின் வெளிப்புறச் சவ்வோடு கலந்து, அடியில் வாய் திறந்திருந்தது. ஓரத்தைப் பார்த்தேன், சுத்தம். அரை மணி நேரம் எழுந்திருக்க மனசே வரவில்லை. ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வேதிப்பொருள் செல்லுக்குள் ஊறி நிலைக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் குமிழ் எத்தனையோ முறை திறந்து மூடிவிடலாம். நான் பார்த்தது நரம்பின் வேலையா, அது சாகும்போது ஏற்பட்ட குழப்பமா? அதனால் அடுத்த துணுக்குகளை உயர் அழுத்தத்தில் உறையவைக்கப் போகிறேன். ஆறு மாத வேலை வீணாகும். பரவாயில்லை.

அந்தப் படத்தைக் கூடவே வைத்திருக்கிறேன். இடது பக்கம் கீழே, மைட்டோகாண்ட்ரியாவுக்கு அடுத்து அந்தச் சின்ன வாய் தெரியும். மகளிடமும் காட்டு, அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது.

அன்புடன்,
மணி